அப்பாவுடன் இன்கா நாட்டில்

கிளம்பும் முன், ஹூஸ்டன்

பெரு நாட்டில், ஸ்பானியர்கள் வரும் முன் ஆண்ட இன்காக்கள் மலைமேல் கட்டிய ஊர் மாச்சு பிச்சு. அங்கே போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விமானத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். நான் சொல்வது தலைகீழ் வரிசை. முதலில் மாச்சு பிச்சு நுழைவுச்சீட்டு, அடுத்து ரயில், அப்புறம் அறை, கடைசியில் விமானம். அந்த மலைமேல் ஒரு நாளைக்கு 4,500 பேருக்குத்தான் அனுமதி. கூட்டம் வரும் என்று முன்பே அறிவித்த சில நாட்களில் 5,600. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை நேரத்துச் சீட்டுகள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். மலையடிவார ஊரில் தினமும் ஆயிரம் சீட்டை நேரில் விற்கிறார்கள்தான். ஆனால் அதற்கு முந்தைய நாளே போய் வரிசையில் நின்று முறை வாங்க வேண்டும். வயதானவரை அழைத்துப் போகிறவர்கள் அந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம்.

சீட்டிலும் வகைகள் உண்டு. 2024 ஜூன் முதல் உள்ளே மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பத்துப் பாதைகள் என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு சீட்டுக்கு ஒரு பாதை. முன்னால் நடந்துகொண்டே இருக்க வேண்டும், வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். முதல் சுற்றில் மேல்தளங்களில் நின்று பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான், ஊருக்குள் போகாது. மூன்றாவது, கீழ்ப்பகுதி, பின்னால் தெரியும் ஒவாய்னா பிச்சு என்ற கூர்மலையில் ஏறுகிறவர்களுக்கு அது. இரண்டாவது சுற்றில்தான் படங்களில் பார்த்துப் பழகிய மேல்காட்சியும் கிடைக்கும், ஊருக்குள் நடக்கவும் முடியும். வெளிநாட்டவருக்கு 152 சோல், அதுதான் பெரு நாட்டுப் பணம். நாங்கள் இரண்டாவதையே எடுத்தோம். முதல்முறை போகிறவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பேன்.

கூட வருகிறவர்கள் என் மனைவியும் அப்பாவும். அப்பா திருச்சியில் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால், மதகு, கரை என்றே காலம் ஓட்டியவர். இந்தக் கோடைக்கு எங்களோடு இருக்க வந்திருக்கிறார்.

"அங்க என்னடா இருக்கு?"

"கல் கட்டடம்ப்பா. அறுநூறு வருஷம் ஆகப்போகுது."

"கலவை?"

"கிடையாது. கல்லு மேல கல்லு."

"அப்ப வரேன்."

விசா பற்றிப் பலர் கேட்பார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பெரு விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகளில் ஏதாவது ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும்படி கையில் இருந்தால் தனி விசா இல்லாமலே போகலாம். அங்கே நிரந்தர வசிப்புரிமை இருந்தாலும் சரி. எங்கள் வேலை விசாவும் அப்பாவின் சுற்றுலா விசாவும் இதற்குப் போதுமானவை. இதெல்லாம் இல்லாமல் சென்னையிலிருந்து நேராகப் போகிறவர்கள் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தை அணுக வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய கணக்கு உயரம்தான். விமானம் போய் இறங்கும் குஸ்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர். மாச்சு பிச்சு 2,430 மீட்டர்தான். நம் தொட்டபெட்டா 2,637! எல்லோரும் பயப்படும் மாச்சு பிச்சு தொட்டபெட்டாவைவிடத் தாழ்வாக இருக்கிறது. ஊர்தானே என்று அலட்சியமாக இறங்கும் குஸ்கோதான் ஆளைச் சாய்க்கிறது. அதனால் எங்கள் திட்டம் இது. குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல் உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வண்டியில் இறங்கிவிடுவது. 2,800 மீட்டர் உயரத்தில் இரண்டு இரவு, பிறகு மாச்சு பிச்சு, உடம்பு பழகிய பிறகு கடைசியில் குஸ்கோ. அப்பாவின் மருத்துவர் உயரத்தால் வரும் உபாதைக்கு அசிட்டசோலமைடு மாத்திரை எழுதிக் கொடுத்து, எப்போது தொடங்குவது என்றும் சொல்லியிருக்கிறார். இதை மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது.

நடந்தே போகும் இன்கா பாதையையும் விசாரித்தேன். 43 கிலோமீட்டர், நான்கு நாள், நடுவில் 4,215 மீட்டரில் ஒரு கணவாய். சுமைதூக்கிகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான். உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக முடியும், பிப்ரவரியில் பாதையையே மூடிவிடுவார்கள். அப்பாவின் கண்ணில் லேசாக ஆசை தெரிந்தது. "மாமா, ரயில் இருக்கு" என்று மனைவி அந்தப் பேச்சை முடித்தாள்.

சனி, லிமா

ஹூஸ்டனிலிருந்து ஏழு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆகஸ்டில் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் பருவம் தலைகீழ். லிமாவில் இது குளிர்காலம். வானம் முழுக்கச் சாம்பல் நிறம், தூறலா பனியா என்று தெரியாத ஒரு ஈரம்.

சாயங்காலம் மிராஃப்ளோரஸ் பகுதியில் ஊவாகா புக்யானா என்ற மண்மேட்டைப் பார்க்கப் போனோம். இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. சுடாத மண் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். நில நடுக்கத்தில் ஆடிவிட்டு நிற்கட்டும் என்பதற்காக. சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், நடுவில் இது. அப்பா அந்தச் செங்கல் அடுக்கைத் தாண்டி வர மறுத்தார். லிமாவைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, நாளை காலை விமானம்.

ஞாயிறு, பள்ளத்தாக்கு

உயரத்துக்கு இதம் என்று இந்த ஊர்க்காரர்கள் மெல்லும் கோக்கா இலையைக் குஸ்கோ விமான நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள். தங்கும் இடமெல்லாம் கோக்கா தேநீர். ருசி, மருதாணியை வெந்நீரில் ஊறப்போட்ட மாதிரி. இரண்டாவது கோப்பையில் பழகிவிடுகிறது.

வாடகைக் கார் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொண்டது. வழியில் சின்செரோ மேட்டைக் கடந்தபோது ஓட்டுநர் இடப்பக்கம் கை காட்டினார். புதிய சர்வதேச விமான நிலையம் கட்டும் இடம். அது முடிந்தால் பெரிய விமானங்கள் இந்தப் பள்ளத்தாக்கின் தலையிலேயே வந்து இறங்கும். தொல்லியல் ஆட்கள் எதிர்க்கிறார்கள், ஊர்க்காரர்களில் பலர் வேலை வரும் என்று காத்திருக்கிறார்கள். ஓட்டுநர் இரண்டாவது கட்சி. 3,700 மீட்டருக்கும் மேல் இருக்கும் அந்த மேட்டில் அப்பாவுக்குத் தலை லேசாகக் கனத்தது. உருபாம்பா ஆற்றங்கரைக்கு இறங்க இறங்கச் சரியாகிவிட்டது. பள்ளத்தாக்கில் தங்குவது என்று எடுத்த முடிவுக்கு இன்றே பலன்.

ஒயாந்தைதாம்போவில் விடுதி. இன்று எங்கும் ஏறக்கூடாது என்று சட்டம் போட்டுக்கொண்டு ஊர்த் தெருக்களில் மட்டும் நடந்தோம். இது இன்காக்கள் போட்ட மனை வரிசையில் இன்றும் மக்கள் வசிக்கும் ஊர். குறுகிய கல் சந்துகள், ஒவ்வொரு சந்திலும் ஓரமாக ஒரு கல் வாய்க்கால், அதில் மலைத் தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. அப்பா ஒரு காகிதத் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அதன் கூடவே நடந்து போனார், வேகம் பார்க்கிறாராம். பின்னால் போய் அந்தக் காகிதத்தை எடுத்து வரும் வேலை எனக்கு.

சாப்பாட்டுக்குச் சைவர்கள் கவலைப்பட வேண்டாம். கினோவா என்ற தானியத்தில் சூப், பூசணியில் செய்யும் லோக்ரோ, பாலாடைக்கட்டிக் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு, எல்லாவற்றோடும் சோறு. மக்காச்சோளத்தின் ஒரு மணியே கட்டைவிரல் நகம் அகலம். காரம் போதாதவர்களுக்கு ரொகோட்டோ மிளகாய் இருக்கிறது, பார்க்கத் தக்காளி மாதிரி சாதுவாக இருக்கும், நம்பாதீர்கள். சூப்பில் கோழிச் சாறு இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு இடத்திலும் கேட்டுவிட வேண்டும்.

திங்கள், ஒயாந்தைதாம்போ

இந்தப் பயணத்தில் எந்த ஊருக்குக் கூடுதல் நாள் ஒதுக்கலாம் என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். ரயிலுக்கு ஓடுகிற வழியில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

குஸ்கோ சுற்றுலாச் சீட்டு என்று ஒன்று உண்டு. 130 சோல், பத்து நாள் செல்லும், பதினாறு இடங்கள். ஒயாந்தைதாம்போ, பிசாக், மொராய், சின்செரோ, சாக்சைவமான், திப்போன் எல்லாம் அதில் அடக்கம். மாச்சு பிச்சுவும் குஸ்கோவின் கோரிகாஞ்சாவும் மராஸ் உப்பளமும் அடங்காது. இங்கேயே வாசலில் வாங்கினோம்.

மலைமேல் உள்ள இன்காக் கோயிலுக்கு இருநூறுக்கு மேற்பட்ட படிகள். அப்பா ஒவ்வொரு தளத்திலும் உட்கார்ந்தார், மூச்சுக்காகப் பாதி, சுவர் பார்க்கப் பாதி. உச்சியில் ஆறு ராட்சதக் கற்பலகைகள் வரிசையாக நிற்கின்றன. ரையோலைட் என்ற இளஞ்சிவப்பு எரிமலைப் பாறை. ஒவ்வொன்றும் ஐம்பது டன் அளவு. அவற்றுக்கு இடையில் விரல் அகலக் கல் பட்டைகளைச் செருகியிருக்கிறார்கள். இந்தக் கல் இந்த மலையில் கிடையாது. ஆற்றுக்கு எதிர்ப்பக்கம், காச்சிகாத்தா என்ற மலைச்சரிவில் உயரத்தில் இருக்கிறது குவாரி. அங்கிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, சாய்தளம் போட்டு இங்கே இழுத்திருக்கிறார்கள். சக்கர வண்டி கிடையாது, இழுவை மாடு கிடையாது, இரும்பு கிடையாது. வழியிலேயே விட்டுப்போன கற்கள் இன்றும் வயலில் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைக் களைத்துப்போன கற்கள் என்கிறார்கள்.

கோயில் முடியவில்லை என்பது பார்த்தாலே தெரியும். பாதி செதுக்கிய கற்கள், உலோகப் பிணைப்பு வைக்க வெட்டிய குழிகள், எல்லாம் அப்படியே கிடக்கின்றன. முடிந்துபோன கட்டடத்தைவிட இப்படி நின்றுபோன வேலையில்தான் எப்படிக் கட்டினார்கள் என்று தெரிகிறது. அப்பா ஒரு கல்லின் அடிப்பக்கம் குனிந்து, "இதுக்குத்தான் முட்டு விட்டு வச்சிருக்கான். நெம்புகோல் போடறதுக்கு. வேலை முடிஞ்சப்புறம் தட்டி எடுத்துருப்பான்" என்றார். நான் படித்ததில் அந்தப் புடைப்புகளுக்கு இதுவும் ஒரு விளக்கம்.

இந்த ஊருக்கு ஒரு போர்க் கதையும் உண்டு. ஸ்பானியர்கள் பட்டம் கட்டிவைத்த மான்கோ இன்கா அவர்களுக்கு எதிராகவே திரும்பி 1536இல் குஸ்கோவை முற்றுகையிட்டார். பிறகு இங்கே படையை நிறுத்தினார். 1537 தொடக்கத்தில் ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ பிசாரோ குதிரைப்படையோடு வந்தபோது மேல்தளங்களிலிருந்து அம்பும் கல்லும் மழையாகப் பொழிந்தன. போதாததற்கு வாய்க்கால்களைத் திருப்பிக் கீழே இருந்த சமவெளியை வெள்ளத்தில் மூழ்கடித்தார் மான்கோ. குதிரைகள் சேற்றில் திணறின, ஸ்பானியர்கள் இரவோடு இரவாகப் பின்வாங்கினார்கள். இன்காக்கள் பெற்ற அபூர்வமான வெற்றிகளில் ஒன்று. இதைச் சொன்னபோது அப்பாவுக்கு மதகு எந்த இடத்தில் இருந்திருக்கும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. அரை மணி நேரம் தேடினோம்.

எதிர் மலையான பிங்குயூனாவில் தானியக் கிடங்குகள் தெரிகின்றன. காற்று அடிக்கும் சரிவில் வேண்டுமென்றே கட்டியவை, தானியம் கெடாமல் இருக்க. அங்கே நுழைவு இலவசம், ஏற்றம் செங்குத்து. மனைவி மட்டும் ஏறிவிட்டு வந்தாள். கீழே நின்ற நாங்கள் சந்தையில் உருளைக்கிழங்கு ரகங்களை எண்ணப் பார்த்துக் கைவிட்டோம். பெருவில் ஆயிரக்கணக்கான ரகங்கள் உண்டு. இரவுப் பனியில் உறைய வைத்து, பகலில் மிதித்து நீர் எடுத்து, காயவைத்த சுன்யோ என்ற கிழங்கு வருடக்கணக்கில் கெடாதாம். அந்தக் கிடங்குகளை நிரப்பியதில் அதற்கும் பங்கு உண்டு.

செவ்வாய், ரயில்

மாச்சு பிச்சுவின் அடிவார ஊரான அகுவாஸ் காலியென்டெஸுக்குச் சாலை கிடையாது. ரயில், இல்லாவிட்டால் கால். ஒயாந்தைதாம்போவிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம். பெருரயில், இன்கா ரயில் என்று இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. பெரிய பெட்டிகளை விடுதியில் விட்டுவிட்டு சிறு பையோடு ஏறுவதுதான் முறை, ரயிலில் எடைக் கட்டுப்பாடு உண்டு.

ரயில் ஆற்றோடு ஒட்டியே போகிறது. கிளம்பும்போது கள்ளியும் வறண்ட பாறையும். ஒரு மணி நேரத்தில் மலை பச்சையாகி, மரத்தில் பாசி தொங்க ஆரம்பித்துவிடுகிறது. அமேசான் காட்டின் ஈரக்காற்று மலைச்சுவரில் வந்து முட்டும் இடம் இது. 2010 ஜனவரியில் இந்த ஆறு பெருகித் தண்டவாளத்தை அரித்துக்கொண்டு போய், ஆயிரக்கணக்கான பயணிகளை ஹெலிகாப்டரில் வெளியேற்றினார்கள். 2024 ஜனவரியில் சீட்டு விற்பனை முறையை எதிர்த்து ஊர்க்காரர்கள் மறியல் செய்து ரயில் நின்றது. ஆகவே திட்டம் போடும்போது மாச்சு பிச்சுவுக்கு அப்புறம் குறைந்தது ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு ஊர் திரும்பும் விமானத்தைப் போடுங்கள். மறுநாளே லிமாவில் சர்வதேச விமானம் என்று வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

முந்தைய இரவு கீழே தங்குவது அவசியமா என்று கேட்டால், வயதானவர்கள் இருந்தால் அவசியம். ஒரே நாளில் போய் வருகிறவர்கள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து இரவு பத்துக்குக் குஸ்கோ திரும்புகிறார்கள். ஊர் மட்டும் சுமார்தான். கடை, உணவகம், மசாஜ் என்று இருக்கிறது, விலை எல்லாம் ரயில் கட்டணத்தைச் சேர்த்துப் போட்ட விலை.

புதன், மாச்சு பிச்சு

ஏழு மணிச் சீட்டு. ஆறுக்கெல்லாம் பேருந்து வரிசையில் நின்றோம். வளைந்து வளைந்து அரை மணி நேர ஏற்றம். சீட்டில் உள்ள பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும். அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் உள்ள விஷயம். ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டிருந்தோம். வாசலில் எண்ணைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். கழிப்பறை வாசலுக்கு வெளியேதான், உள்ளே எங்கும் கிடையாது. அப்பாவை அழைத்துப் போகிறவர்களுக்கு இது முக்கியமான தகவல். ரப்பர் முனை போட்ட ஊன்றுகோலுக்கு அனுமதி உண்டு, உலோக முனைக்கு இல்லை.

முதல் இருபது நிமிடம் மேகம் தவிர எதுவும் தெரியவில்லை. மேல்தளத்தில் எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றார்கள். அப்புறம் ஒவாய்னா பிச்சுவின் மூக்கு, அப்புறம் கூரையில்லாத முக்கோணச் சுவர்கள், அப்புறம் மொத்த ஊரும். படங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இது எவ்வளவு ஒல்லியான முகட்டின்மேல் நிற்கிறது என்பதைப் படங்கள் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் சரிவு, கீழே நூல் மாதிரி ஆறு.

வாசலில் அமர்த்திய வழிகாட்டி, இன்காக்களின் மொழியான கெச்சுவா பேசும் ஊர்ப் பெண். வழக்கமான பேச்சை ஆரம்பித்தார். பச்சகூட்டி மன்னர் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய அரச மாளிகை ஊர் இது, நூறு ஆண்டு அளவில் கைவிடப்பட்டது, ஸ்பானியர்கள் இதைத் தொடவில்லை. அப்பா என்னிடம், "மழை எவ்வளவு பெய்யும்னு கேளு" என்றார். ஆண்டுக்கு 1,900 மில்லிமீட்டருக்கு மேல். "தண்ணி எங்க போகுதுன்னு கேளு." அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. யாரும் இதைக் கேட்பதில்லையாம்.

பிறகு நடந்தது வேறு சுற்றுலா. பயிர்த்தளம் ஒவ்வொன்றும் வெறும் மண்மேடு கிடையாது. அடியில் பெரிய கற்கள், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், மேலே வளமண். பெய்யும் மழை சுவரைத் தள்ளாமல் உள்ளேயே வடிந்து இறங்கிவிடும். பயிர்ப் பகுதிக்கும் குடியிருப்புக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு நீண்ட பள்ளம், அதுதான் ஊரின் முதன்மை வடிகால். சுவர்களில் நூற்றுக்கு மேற்பட்ட வடிதுளைகள். இந்த ஊரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த நீரியல் பொறியாளர் கென்னத் ரைட், கட்டுமான உழைப்பில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது என்று கணக்குச் சொன்னார். குடிநீர் தனி. மலையில் ஒரு ஊற்று, அங்கிருந்து 749 மீட்டர் கல் வாய்க்கால், ஊருக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினாறு நீர்த்தாரைகள். முதல் தாரை மன்னர் வீட்டருகே. "மேட்டுக்காரனுக்கு முதல் தண்ணி. எல்லா ஊரிலயும் இதே கதைதான்" என்றார் அப்பா. மொழிபெயர்த்தபோது வழிகாட்டி சிரித்தார்.

இன்டிவதானா என்ற சூரியக் கல்லின் ஓரம் 2000இல் ஒரு பீர் விளம்பரப் படப்பிடிப்பில் கிரேன் விழுந்து உடைந்ததையும் சொன்னார். ஐந்து நூற்றாண்டு மழையும் நில நடுக்கமும் செய்யாதது.

கண்டுபிடித்தவர் யார் என்ற பேச்சும் வந்தது. 1911 ஜூலை 24ஆம் தேதி ஹைரம் பிங்காம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வந்தார். அவரை மேலே கூட்டிப்போனது மெல்கோர் அர்த்தியாகா என்ற விவசாயி. அப்போதே இந்தத் தளங்களில் சில குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. அகுஸ்டின் லிசாராகா என்பவர் 1902இலேயே வந்து கோயில் சுவரில் தன் பெயரைக் கரியால் எழுதிவிட்டுப் போயிருந்தார், பிங்காமும் அதைப் பார்த்திருக்கிறார். இன்றைக்கும் சொகுசு ரயிலுக்கும் இந்த மலைச்சாலைக்கும் பிங்காம் பெயர்தான். அர்த்தியாகாவுக்கு ஒரு பேருந்து நிறுத்தமாவது கொடுத்திருக்கலாம்.

மூன்று மணி நேரத்தில் வெளியே வந்தோம். பிற்பகல் ரயிலில் ஒயாந்தைதாம்போ.

வியாழன், மொராய், மராஸ்

குஸ்கோ போகும் வழியில் இரண்டும். மொராய், தரையில் வட்டம் வட்டமாக இறங்கும் பயிர்த்தளங்கள்; பெரிய குழியின் ஆழம் சுமார் முப்பது மீட்டர். பயிர் ஆராய்ச்சிக்கூடம் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள், உறுதியான சான்று கிடையாது. எனக்கு வியப்பு, இவ்வளவு பெரிய குழியில் தண்ணீர் தேங்குவதில்லை என்பதுதான். 2010 மழையில் ஒரு பகுதி சரிந்து, பிறகு சீரமைத்தார்கள்.

மராஸ் உப்பளம் படம் எடுக்க அருமை. மலைக்குள்ளிருந்து உப்பு ஊற்று, சரிவு முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பாத்திகள், ஊர்க் குடும்பங்களின் சொத்து. இப்போது பாத்திகளுக்குள் நடக்க விடுவதில்லை, மேலிருந்து பார்க்கலாம். அரை கிலோ உப்பு வாங்கினோம். பிசாக்கை விட்டுவிட்டோம். சுற்றுலாச் சீட்டில் இடம் இருக்கிறதே என்று ஒரே நாளில் மூன்று நான்கு இடத்துக்கு ஓடினால் எல்லாம் ஒரே கல்லாகத் தெரிய ஆரம்பிக்கும்.

வெள்ளி, குஸ்கோ

உயரத்துக்கு உடம்பு பழகிவிட்டது. அப்பாவுக்கு நேற்றிரவு தூக்கம் மட்டும் விட்டுவிட்டு வந்தது. காலையில் நிதானமாகக் கிளம்பினோம்.

நகரத்துக்கு மேலே உள்ள இன்காக் கோட்டையான சாக்சைவமானுக்கு வாடகைக் காரில் ஏறி, நடந்து இறங்குவது நல்லது. 3,700 மீட்டர். மூன்று அடுக்குச் சுவர், ரம்பப் பல் மாதிரி மடிந்து மடிந்து போகிறது. பெரிய கற்கள் நூறு டன்னுக்கு மேல். பக்கத்தில் நிற்கும்போது கல் நம் உயரத்தைப் போல மூன்று மடங்கு. இப்போது நாம் பார்ப்பது மிச்சம்தான். தூக்க முடிந்த கல்லையெல்லாம் ஸ்பானியர்கள் பெயர்த்துக் கொண்டுபோய் நகரத்தில் தேவாலயமும் மாளிகையும் கட்டிக்கொண்டார்கள். தூக்க முடியாதவை தப்பித்தன. ஜூன் 24இல் இந்தத் திடலில்தான் இன்டி ராய்மி என்ற சூரியத் திருவிழா நடக்கிறது. அந்த வாரம் வர விரும்புகிறவர்கள் அறையை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும்.

மதியம் கோரிகாஞ்சா. இன்காக்களின் தலைமைச் சூரியக் கோயில். சுவரில் பதித்திருந்த தங்கத் தகடுகளை, சிறைப்பட்ட மன்னர் அதஹுவால்பாவின் மீட்புப் பணத்துக்காக 1533இல் பெயர்த்து எடுத்தார்கள். தங்கம் வந்தது, மன்னரைக் கொன்றுவிட்டார்கள். கோயில்மேல் சாந்தோ டொமிங்கோ மடம் எழுந்தது. 1650இல் ஒரு நில நடுக்கம், மடம் இடிந்தது. மறுபடி கட்டினார்கள். 1950 மே மாதத்தில் இன்னொன்று, மறுபடி இடிந்தது. உள்ளே மூடியிருந்த இன்கா சுவர்கள் அப்படியே வெளியே தெரிந்தன. சுவர் உள்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கிறது, கதவும் மாடமும் மேலே குறுகி அடியில் அகன்றவை, கல்லுக்குக் கல் சாந்தில்லாததால் அதிர்ந்து மறுபடி அமர்ந்துகொள்ளும். அப்பா இணைப்பில் நகத்தை வைத்துப் பார்த்தார், காவலர் கை காட்டியதும் எடுத்துவிட்டார். நகரத்தின் வேறொரு தெருச் சுவரில் உள்ள பன்னிரண்டு முனை இன்காக் கல்லை 2025இல் ஒருவன் சேதப்படுத்தியதிலிருந்து காவல் கெடுபிடி அதிகம். நியாயம்தான்.

நேரம் இருந்தால் காசா கொன்ச்சா அருங்காட்சியகம் போங்கள். பிங்காம் மாச்சு பிச்சுவில் தோண்டி யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன பொருட்கள், நூறு ஆண்டு கழித்து 2011, 2012இல் திரும்பி வந்து இங்கே இருக்கின்றன. மலைமேல் வெறும் சுவர்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, அந்த வீடுகளில் இருந்த பானையும் ஊசியும் இங்கே கிடைக்கும். எங்களைத் தவிர நாலைந்து பேர்தான் இருந்தார்கள்.

சனி, திப்போன்

இடைவெளிக்காக விட்டிருந்த நாள் மறியல் எதுவும் இல்லாமல் முழுசாகக் கையில் இருந்தது. அப்பா தேர்ந்தெடுக்கட்டும் என்றோம், திப்போன் என்றார். நகரத்திலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பொதுப் பயணிகள் அதிகம் வராத இடம், சுற்றுலாச் சீட்டிலேயே போகலாம்.

திப்போன் முழுக்கத் தண்ணீர். மலைமடிப்பில் அகலமான பயிர்த்தளங்கள், ஒவ்வொரு சுவரிலும் செங்குத்தாகத் தண்ணீர் இறங்கும் கல் காடி, தளத்தின் ஓரமாக ஓடும் வாய்க்கால், எல்லாம் இன்றும் ஓடுகின்றன. மேல்தளத்தில் ஊற்றுத் தண்ணீர் ஒரு வாய்க்காலாக வந்து, இரண்டாகப் பிரிந்து, நான்கு தாரைகளாக விழுகிறது. நான்கிலும் ஒரே அளவு. அப்பா குடிநீர் பாட்டிலைக் காலி செய்து ஒவ்வொரு தாரையிலும் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடி எண்ணினார். மனைவி எண்களைக் கைப்பேசியில் குறித்தாள். கிட்டத்தட்டச் சமம்.

"வாய்க்கால் அடித்தளம் பாரு, ஒரு சாண் கூடக் குறைய இல்ல. இந்தச் சரிவை மட்டம் பார்க்கற கருவி என்ன வச்சிருந்தான்?" எனக்குத் தெரியவில்லை. புல் வெட்டிக்கொண்டிருந்த பராமரிப்பு ஆளிடம் என் அரைகுறை ஸ்பானிஷில் கேட்டேன். அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு, மேலே ஊற்றின் வாயில் சேறு எடுக்கும் இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். வருடத்தில் எப்போது தூர் வாருவீர்கள், எத்தனை பேர், கூலி யார் தருவது என்று அப்பா தமிழில் கேட்க, நான் பாதியைச் சொல்ல, அவர் கையாலேயே மீதியைப் புரியவைத்தார். இருவரும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள்.

அதே சாலையில் இன்னும் தள்ளி பிகியாக்தா இருக்கிறது. அது இன்காக்களுக்கு முந்தைய வாரி மக்களின் நகரம். அதற்கு நேரமில்லை, மாலை லிமா விமானம்.

கடைசியாக ஒரு விஷயம். மிச்சமிருந்த கோக்கா இலையையும் தேநீர்ப் பைகளையும் விடுதி வரவேற்பறையிலேயே கொடுத்துவிட்டோம். பெருவில் கடைச்சரக்கு, அமெரிக்காவுக்குள் தடைசெய்யப்பட்ட பொருள். தேநீர்ப் பைதானே என்று பெட்டியில் போட்டுக்கொண்டு போய் விசாவோடு விளையாடாதீர்கள். மராஸ் உப்புக்குத் தடை எதுவும் இல்லை.